கடைசிப் பாட்டு முந்தி வந்த பிரதோஷம்

ஓரடி ஊன்றியும் ஓரடி தூக்கியும் நின்று ஆடுகின்ற அம்பலவாணா, ஊன்றிய அடி எங்களை நிற்கச் செய்கிறது. தூக்கிய அடி எங்களைக் காத்திருக்கச் செய்கிறது. காத்திருப்பவருள்ளும் வந்து சேர்வதனுள்ளும் ஒருவனாய் இருப்பவன் நீ. நான் சொல்லப் புகும் இச்சிறு செய்தியில் முன்னது முன்னாகவும் பின்னது பின்னாகவும் வந்து அமைய, நீயே உடனிருக்க வேண்டும்.

இன்று ஆனி உத்திரம். ஆடவல்லானுக்குத் திருமஞ்சனம் ஆகும் நன்னாள். சேக்காட்டில் எங்கள் தெருவுக்குப் பின்புறம் உள்ள சிறிய சிவாலயத்தில் ஓதுதல் நிறைவேறி, நெற்றியில் திருநீறு உலரும் முன்பே வீடு திரும்பி இதை எழுதத் தொடங்கினேன். அங்கே இன்று நடந்தது விளங்க வேண்டுமானால், சில பிரதோஷங்களுக்கு முன்பிருந்து சொல்ல வேண்டும்.

எங்கள் ஓதுவோர் குழு சிறியது. பெரும்பாலோர் பணி ஓய்வு பெற்றவர்கள். முன்குரல் எடுப்பவர் ஒருவர் அடியைப் பாட, மற்றவர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவோம். எங்களுக்கென்று இரண்டு வழக்கங்கள் உண்டு. மனப்பாடமாக ஓதக் கூடாது. எத்தனை முறை பாடிய பதிகமானாலும் எழுத்தைப் பார்த்தே ஓத வேண்டும். நினைவு தன் விருப்பப்படி ஒரு சொல்லை மாற்றிவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். மற்றொன்று, பதிகத்தின் கடைசிப் பாட்டு, அதாவது ஓதினார் பெறும் பயனைச் சொல்லும் பாட்டு வந்ததும் எல்லோரும் எழுந்து நிற்போம். கற்பூரம் காட்டப்படும். அதன்பின் அந்தப் பதிகத்தை அன்றைக்கு மீண்டும் தொடுவதில்லை. நடை சாத்தியபின் உள்ளே எட்டிப் பார்ப்பதுபோல் அது என்பார், குழுவை நடத்தும் பெரியவர். ஆவடியில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர்.

முன்குரல் எடுப்பவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்றே அழைப்போம். சேக்காடு வயலாக இருந்த காலத்திலிருந்து இங்கேயே வாழும் குடும்பத்தவர். அவர் குரல் எழுந்தால் கோயில் மணிகூடத் தன் முறைக்குக் காத்திருப்பதாகத் தோன்றும். அவருக்கு விழித்திரையின் நடுப்பகுதி மங்கி வருகிறது. முகத்தைச் சற்றே இடப்புறம் திருப்பி, ஓரக்கண்ணால் பார்த்தால்தான் எதுவும் தெரியும். அச்சுப் புத்தகத்தின் எழுத்து அவருக்கு எறும்பு வரிசையாகிவிட்டது. பார்த்தே ஓத வேண்டும் என்ற வழக்கமும், பார்க்க முடியாத கண்ணும் ஒன்றையொன்று நெருக்கின. மாசி மாதப் பிரதோஷம் ஒன்றில் அவர் வாய் திறவாமல் பின்வரிசையில் அமர்ந்திருந்தார். நந்திக்குப் பால் அபிஷேகம் ஆகும்போது அவர் உதடுகள் மட்டும் அசைந்ததைக் கண்டேன். அன்றே முடிவு செய்தேன்: பாடல்களைப் பெரிய டிவித் திரையில் கையளவு எழுத்தாகக் காட்ட வேண்டும்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய நிறுவனத்தில், இயந்திரங்களை இயக்கும் நிரல்களை எழுதிப் பணிக்காலத்தைக் கழித்தவள் நான். ஆகவே திரைக்கான நிரலையும் நானே எழுதத் துணிந்தேன். அக்கா பழகிய எழுத்து வடிவம் மாறக் கூடாது என்பதற்காக எங்கள் பழைய புத்தகத்தையே படமெடுத்தோம், பாட்டுக்கு ஒரு படம். எழுத்தின் விளிம்பு மங்கிவிடாதிருக்கப் படங்களைச் சுருக்காமல் வைத்தேன். ஒவ்வொரு கோப்பும் கல்யாணப் பூசணிக்காய்போல் கனத்தது. அவற்றை மெமரி கார்டு ஒன்றில் இட்டு, உள்ளங்கையில் அடங்கும் சிறு கணினியில் செருகி, அதை டிவியோடு இணைத்தேன். அக்காவின் கையில் ஒரு பொத்தான். அழுத்தினால் அடுத்த பாட்டு.

வீட்டில் அதை முதன்முதலில் ஓட்டியபோது அக்காவையே அழைத்து உட்கார வைத்தேன். இரண்டு பாட்டு நன்றாகப் போயிற்று. மூன்றாவதற்குப் பொத்தானை அழுத்தினார், திரை அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார். மேலும் இரண்டு முறை அழுத்தினார். ஒரு கணம் கழித்து மூன்றும் நான்கும் அடுத்தடுத்துப் பாய்ந்து மறைய, திரை ஐந்தில் போய் நின்றது.

"தங்கச்சி, இது இன்னா தூங்கிகினு கீது?" என்றார் அக்கா.

அவர் சொன்னது வேடிக்கைக்காக. ஆனால் அது நிகழ்ந்ததன் சரியான பெயர். என் நிரல் கோப்பைப் படிக்க வேண்டுமென்றால் கர்னலிடம் கேட்க வேண்டும். கர்னல் என்பது கணினியின் கருவறை. மெமரி கார்டைத் தொடும் உரிமை அதற்கே உண்டு. கேட்ட கணத்தில் என் நிரலை அது உறங்க வைத்துவிடுகிறது. கோப்பு வந்து சேர்ந்த பிறகே எழுப்புகிறது. இடைப்பட்ட பொழுதில் பொத்தானை யார் அழுத்தினாலும் நிரலுக்குத் தெரியாது. எழுந்தபின் சேர்த்துவைத்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்கிறது.

என் பணிக்காலத்தில் நான் எழுதிய நிரல்களுக்குக் கோப்பு என்பதே கிடையாது. ஒரு விசை, ஒரு மோட்டார், ஒரு விளக்கு, அவ்வளவே. ஆகையால் இந்தக் காத்திருப்பு எனக்குப் புதிது. இறைவன் வாயிலில் நின்று அழைக்கும் பாடல்களிலேயே வளர்ந்தவள் நான். அப்பாடல்களில் நிற்பவர் சும்மா நிற்பதில்லை. கதவு திறக்கும் வரை பூத்தொடுக்கிறார், கோலமிடுகிறார், தோழியோடு வழக்காடுகிறார், பாடிக்கொண்டே இருக்கிறார். என் நிரலோ கேட்டுவிட்டு மரம்போல் நின்றது. கேட்ட பிறகும் விழித்திருக்க ஒரு நிரலுக்குக் கற்பிக்க முடியுமா என்ற ஆவல் என்னைப் பற்றிக்கொண்டது. காலைப் பூசை முடிந்ததும் கணினிமுன் அமர்வது வழக்கமாயிற்று.

முதலில் எளிய வழியைத் தேடினேன். கோப்பைத் திறக்கும்போதே 'என்னை நிறுத்தி வைக்காதே' என்று ஒரு குறிப்புக் கொடுக்கலாம். 'படிக்கத் தயாரா?' என்று முன்கூட்டியே கேட்கவும் ஒரு வழி உண்டு. இரண்டையும் செய்தேன். கர்னல் ஒவ்வொரு முறையும் தயார் என்றே விடை சொன்னது. படிக்கப் போனால் முன்போலவே உறங்க வைத்தது. குறிப்பேடுகளைப் புரட்டியதில் உண்மை விளங்கிற்று. வலைவழி வரும் செய்திக்குத்தான் அந்தக் கேள்வி பொருந்தும். கார்டில் கிடக்கும் கோப்பு எப்போதும் தயாராகவே இருப்பதாகக் கர்னல் கருதுகிறது. அதை எடுத்துவர ஆகும் நேரத்தை அது காத்திருப்பாகவே எண்ணுவதில்லை.

என் கணவர் அண்ணனூர்ப் பணிமனையில் மின்ரயில் பெட்டிகளைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். நான் திரையைப் பார்த்து முணுமுணுப்பதைக் கேட்டு அருகில் வந்தார்.

"இன்னாம்மா, பொட்டியாண்ட சண்டையா?"

"ரெடியான்னு கேட்டா ரெடிங்குது. எடுன்னா நிக்க வெக்குது."

"நீ மட்டும் இன்னாவாம்? 'சாப்பாடு ரெடி, வாங்க'ம்ப. வந்து குந்துனா அப்பதான் குக்கர் மொத விசில் அடிக்கும். அத்த மட்டும் ஏன் திட்ற?"

"அப்ப நீங்க எழுந்து போய் வேற வேலை பாக்கலாம்ல?"

"அதான் டிவி பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, என் சோதனைக்கு வைத்திருந்த டிவியில் கிரிக்கெட்டைப் போட்டுக்கொண்டார்.

பின்னர் நான் கண்டடைந்த வழி வேறு. நிரலுக்கும் கர்னலுக்கும் நடுவே இரண்டு வரிசைகள். ஒன்றில் நான் என் வேண்டுகோள்களை இட்டுவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விடலாம். கர்னல் தன் போக்கில் அவற்றை எடுத்து நிறைவேற்றி, முடிந்தவற்றை மற்றொரு வரிசையில் இட்டுவைக்கும். எனக்கு நேரம் கிடைக்கும்போது அந்த இரண்டாம் வரிசையை எட்டிப் பார்த்து, வந்ததை எடுத்துக்கொள்ளலாம். கேட்டல் ஓரிடம், பெறுதல் ஓரிடம். நடுவில் யாரும் உறங்குவதில்லை. இதைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை, கற்ற பதிகத்தில் அதுவரை தோன்றாத பொருள் ஒன்று திடீரெனத் தோன்றும் மகிழ்ச்சியோடுதான் ஒப்பிடத் தெரிகிறது.

நிரலை மாற்றி எழுதினேன். பாட்டுகளை அது நான்கு நான்காகக் கேட்கும். நான்காம் பாட்டு திரையில் இருக்கும்போதே அடுத்த நான்கையும் கேட்டுவைத்துவிடும். வீட்டில் பலமுறை ஓட்டிப் பார்த்தேன். அக்கா விரைவாக அழுத்தினாலும் நிறுத்தி அழுத்தினாலும் பொத்தான் உடனே வேலை செய்தது. "இப்ப முழிச்சிகினு கீது" என்றார்.

ஒரே ஒரு குறை இருந்தது. புத்தகத்தில் ஒவ்வொரு பதிகத்தின் கடைசிப் பாட்டும் கறுத்துக் கிடந்தது. அந்தப் பாட்டுக்குத்தானே எழுந்து நின்று கற்பூரம் காட்டுகிறோம்? இத்தனை ஆண்டுகளில் புகையும் கை அழுக்குமாக அந்த இடங்கள் மட்டும் கரிபடிந்துவிட்டன. படத்தில் அவை தெளியவில்லை. ஆகவே கடைசிப் பாட்டுகளை மட்டும் நானே தட்டச்சு செய்து, எழுத்துக் கோப்புகளாகக் கோயிலுக்குப் புறப்படும் முன்பு சேர்த்தேன். படக் கோப்பு பூசணிக்காய் என்றால் இது கடுகு.

அது சித்திரை மாதத்துப் பிரதோஷம். டிவியைக் கோயில் தூணோரம் நிறுத்தினோம். பதினொரு பாட்டுள்ள பதிகம். அக்கா முகத்தை இடப்புறம் சாய்த்து, நெடுநாளைக்குப் பின் முன்குரல் எடுத்தார். குழுவில் சிலர் பாடுவதை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தனர். எட்டாம் பாட்டு முடிந்தது, பொத்தானை அழுத்தினார். திரையில் பதினொன்றாம் பாட்டு வந்து நின்றது.

அக்கா ஒரு மூச்சு தயங்கினார். பிறகு எழுந்து நின்று அதைப் பாடினார். அவர் எழுந்ததும் எல்லோரும் எழுந்தோம். பாட்டின் முதலடியைக் கேட்டதுமே குருக்கள் தம் வழக்கப்படி கற்பூரத்தை ஏற்றிவிட்டார். ஒன்பதும் பத்தும் பாடாமலே நின்றன, மணி ஒலித்தது, கைகள் குவிந்தன. தட்டு எங்களிடம் வந்தபோதுதான் நடந்தது என்ன என்று எல்லோருக்கும் உறைத்தது.

"ரெண்டு பாட்டு விட்டுப்போச்சே" என்றார் ஒருவர்.

"இப்ப பாடிடலாமே" என்றார் இன்னொருவர்.

"கற்பூரம் காட்டியாச்சு. முடிச்சதுக்கு அப்புறம் நடுவுல இருக்கறதை எப்படி ஓதறது?" என்றார் பெரியவர். குரலை உயர்த்தவில்லை. என்னை நோக்கி, "உங்க முயற்சியைக் குத்தம் சொல்லலைம்மா. ஆனி உத்திரத்துக்கு ஒரு தடவை பாப்போம். அன்னைக்கும் இப்படி ஆச்சுன்னா பழையபடி புஸ்தகம்தான். முன்குரலை வேற யாராவது எடுத்துக்கட்டும்" என்றார்.

டிவியை நான் அணைத்தேன். அதன் பிறகும் அக்கா திரையின்முன் நின்றார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவரைக் கேட்டேன். "அக்கா, அது கடைசிப் பாட்டுன்னு உங்களுக்குத் தெரியுமே. ஒம்பதாவது மனசுல இருக்குமே. அதைப் பாடியிருக்கலாமே?"

"தெரியும்மா. வாய் வரைக்கும் வந்துச்சு." சற்று நடந்தார். "கண்ணு காட்டறத்த உட்டுட்டு மனசு சொல்றத்த ஒரு வாட்டி பாடிட்டேன்னு வெச்சிக்கோ, அன்னியோட பாக்கறத்த உட்ருவேன். எனக்கு அதான் பயம். தப்போ ரைட்டோ, இன்னும் கொஞ்ச நாளு பாத்துப் பாடிக்கிறேன்."

எனக்கு அப்போது கேள்வி ஒன்றுதான். கடைசியாகக் கேட்டது ஏன் முந்தி வந்தது?

மறுநாள் காலையில் அதே பதிகத்தை வீட்டில் ஓட்டினேன். ஒவ்வொரு கோப்பும் வந்து சேரும்போது அதன் பெயரைத் திரையோரம் எழுதும்படி செய்தேன். ஒன்பது, பத்து, பதினொன்று என்று கேட்டேன். பதினொன்று, ஒன்பது, பத்து என்று வந்தன. மீண்டும் ஓட்டினேன்; இம்முறை பதினொன்று, பத்து, ஒன்பது. பூசணிக்காய்களைக் கர்னல் துண்டு துண்டாகத் தூக்கி வந்துகொண்டிருக்கும்போதே கடுகு வந்து சேர்ந்துவிடுகிறது. கேட்ட வரிசையில் தருவதாகக் கர்னல் எங்கும் வாக்களித்திருக்கவில்லை. படங்கள் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்ததால் அதுவரை என் வீட்டுச் சோதனையில் வரிசை மாறாமல் வந்திருந்தன. அந்தத் தற்செயலை நான் விதி என்று எண்ணியிருந்தேன். கற்பூரப் புகை கடைசிப் பாட்டைக் கறுக்க வைத்தது, கறுத்ததால் அது சிறிய கோப்பாயிற்று, சிறியதானதால் முந்திற்று, முந்தியதால் கற்பூரம் காலத்துக்கு முன் ஏறிற்று. இந்தச் சங்கிலியைக் கண்டபோது எனக்கு வருத்தத்தைவிட வியப்பே மிகுந்தது.

தீர்வு எனக்கு முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு வேண்டுகோளோடும் நாம் விரும்பிய ஓர் எண்ணை எழுதி அனுப்பலாம். கர்னல் அதைப் படிப்பதில்லை, மாற்றுவதில்லை. பதிலோடு அப்படியே திருப்பித் தருகிறது. நானும் பாட்டின் எண்ணை எழுதித்தான் அனுப்பியிருந்தேன். திரும்பி வந்தபோது அதைப் பார்க்கவில்லை. எது முதலில் வந்ததோ அதையே அடுத்த பாட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இதைக் கணவரிடம் சொன்னேன். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் பூந்தமல்லிப் பக்கம் ஓர் அம்மன் கோயிலுக்குப் போய் வந்திருந்தோம்.

"செருப்பு உட்டுட்டு டோக்கன் வாங்கினோமே, அந்த மாதிரியா?" என்றார்.

"அதே மாதிரிதான்."

"அப்ப நீ டோக்கன பாக்காம, கைக்கு மொதல்ல வந்த செருப்ப மாட்டிகினு நேரா ஊட்டுக்கு வந்துட்ட. அதுவும் சின்னப் பையன் செருப்பு. உன் காலுக்கு எப்டிம்மா பூந்துச்சு?"

அதன்பின் ஒரு வாரம் நான் எங்கே புறப்பட்டாலும், "செருப்பு உன்துதானா பாத்துக்கோ" என்பது அவர் விடைகொடுக்கும் முறையாயிற்று.

புதிய நிரல் இவ்வாறு நடந்துகொள்கிறது. வருவது எதுவாயினும் முதலில் அதன் எண்ணைப் பார்க்கிறது. எண்ணுக்குரிய இடத்தில் அதை அமர்த்துகிறது. பொத்தான் அழுத்தப்பட்டதும் அடுத்த எண்ணின் இடத்தை மட்டுமே நோக்குகிறது. அங்கே ஒன்றும் வந்திராவிட்டால் திரையில் உள்ள பாட்டை அப்படியே வைத்து, ஓரத்தில் ஒரு சிறு தீபத்தைக் காட்டுகிறது. பின்னால் வர வேண்டியவை எத்தனை வந்து காத்திருந்தாலும் அவற்றைத் தொடுவதில்லை. தீபம் தெரிந்தால் கடைசி அடியை இன்னொரு முறை பாடுங்கள் என்று அக்காவிடம் சொன்னேன். "அது நல்லது தானே, ரெண்டு வாட்டி பாடுனா கசக்குமா" என்றார்.

கோப்புகளின் அளவை வேண்டுமென்றே கலைத்துப்போட்டு நாள்தோறும் ஓட்டினேன். கர்னல் தலைகீழாகத் தந்தாலும் திரை நேராகவே காட்டியது. ஆயினும் இன்று காலை டிவியைத் தூணோரம் நிறுத்தியபின் இணைப்புகளை இரண்டு முறை சரிபார்த்தேன். பெரியவர் புத்தகத்தை மடியில் விரித்துவைத்தபடி, அதே தூணுக்கு எதிரே அமர்ந்தார்.

அக்கா தொடங்கினார். பதிகங்கள் ஒவ்வொன்றாக நிறைந்தன. ஒவ்வொரு கடைசிப் பாட்டும் தன் முறையில் வந்தது; தன் முறையில் கற்பூரம் ஏறியது. பிறகு அந்தச் சித்திரைப் பிரதோஷத்தின் பதிகம் வந்தது. எட்டாம் பாட்டில் அக்கா பொத்தானை அழுத்தியபோது திரை மாறவில்லை. மெமரி கார்டு ஏனோ தயங்கிற்று. ஓரத்தில் தீபம் தெரிந்தது. பதினொன்றாம் பாட்டு அந்நேரம் வந்து சேர்ந்து உள்ளே காத்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பெரியவர் புத்தகத்திலிருந்து தலை நிமிர்ந்தார்.

அக்கா அவசரப்படவில்லை. எட்டாம் பாட்டின் கடைசி அடியை மீண்டும் எடுத்தார், இம்முறை சற்று இழைத்து. நாங்கள் வாங்கிப் பாடினோம். பாடி முடிக்கும்போது தீபம் மறைந்து ஒன்பதாம் பாட்டு வந்திருந்தது. முகத்தை இடப்புறம் சாய்த்து அதை ஒருமுறை முழுதும் பார்த்துவிட்டு, குரலை எடுத்தார். ஒன்பது, பத்து. பிறகு எழுந்தார், எல்லோரும் எழுந்தோம்.

திருமஞ்சனம் முடிந்து பிரசாதம் வாங்கும்போது பெரியவர் என்னருகே வந்தார். "அடுத்த பிரதோஷத்துக்கு டிவியை இன்னும் ரெண்டடி முன்னால வைங்க. அவங்க கழுத்தை ரொம்பச் சாய்க்கறாங்க" என்றார். புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வரும் வழியில் அக்கா கேட்டார்: "இன்னிக்கும் அந்தக் கடசிப் பாட்டு மின்னாடியே வந்துச்சா?"

"வந்துடுச்சுக்கா. உள்ள ஒரு ஓரமா இருந்தது."

"இருக்கட்டும். நாம பாடறத்த கேட்டுகினு இருந்துருக்கும்."

இதைப் படித்தவரும், படிக்கக் கேட்டவரும், பாதியில் நிறுத்தி நாளைக்கு என்று வைத்தவரும், கேட்டது வரும்வரை சோராது பாடிக்கொண்டிருப்பாராக. முந்தி வந்தது தன் முறைக்குப் பொறுத்திருக்க, பிந்தி வருவது வழி தவறாது வந்து சேர, அவரவர் கண்ணில் ஒளியும் நாவில் சொல்லும் குறையாதிருக்க, ஆடல்வல்லான் திருவருள் துணைநிற்பதாக.